வாங்கியதும் கழுவாதீர்கள்: பெர்ரிப் பழங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

பெர்ரிப் பழங்களைக் கழுவுவது, எடுத்து வைப்பது பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை வேறு எதையும் தொடாமல் இவற்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, ஸ்ட்ராபெர்ரியும் ராஸ்பெர்ரியும் வாங்கி வந்த கையோடு நன்றாகக் கழுவி, டப்பாவில் போட்டு இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சணம். அவ்வளவு சுத்தமாகக் கழுவியும் ஏன் இப்படி? வாங்கிய பழமே சரியில்லையா?

பதில்: பழத்தைக் குறை சொல்ல வேண்டாம் தங்கச்சி, கழுவிய நேரம்தான் சரியில்லை. பெர்ரியில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பொட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சணமாக இருக்கும். அது உங்கள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டது இல்லை. தோட்டத்தில் செடி பூத்திருக்கும்போதே அதன் வித்துகள் பூவில் வந்து உட்கார்ந்து, காய் பழுக்கும்வரை சத்தமில்லாமல் இருந்துவிடும். கொஞ்சம் ஈரமும் தோலில் ஒரு சின்னக் காயமும் கிடைத்தால் போதும், கிளம்பிவிடும். ஃபிரிட்ஜின் குளிர் அதை மெதுவாக்கும், நிறுத்தாது. வந்ததும் கழுவியதில் பழங்கள் ஒன்றோடொன்று மோதி நசுங்கியிருக்கும், இடுக்குகளில் தண்ணீர் தங்கியிருக்கும், அதற்குமேல் டப்பாவை இறுக்கி மூடியதால் அந்த ஈரம் வெளியே போகவும் வழியில்லை. பூஞ்சணத்துக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் கிடைத்துவிட்டது.

பெர்ரி பறிப்பவர்களே அதைக் கழுவுவதில்லை என்பதைக் கவனியுங்கள். செடியிலிருந்து பறித்து, விற்கப்போகும் அதே டப்பாவில் நேராகப் போடுவார்கள், ஏனென்றால் ஒவ்வொரு முறை கைமாற்றும்போதும், நனைக்கும்போதும் அதன் ஆயுள் குறைகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். நாமும் அதையே செய்யலாம். சாப்பிடப்போகும் அளவை மட்டும், சாப்பிடப்போகும் நேரத்தில் கழுவுங்கள். மீதி கழுவாமல் இருக்கட்டும்.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அது பொறுக்குவது. டப்பாவைத் திறந்து, நசுங்கியது, சாறு கசிந்தது, பூஞ்சணம் பட்டது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் அகலமான, ஆழமில்லாத ஒரு டப்பாவில் டிஷ்யூ பேப்பர் விரித்து, பழங்களை ஒரே அடுக்காக, மிஞ்சினால் இரண்டு அடுக்காகப் பரப்புங்கள். மேலே இருக்கும் பழங்களின் எடையே கீழே இருப்பதை நசுக்கிவிடும், அதனால்தான் ஆழமான டப்பா வேண்டாம் என்கிறேன். மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள். பெர்ரிக்குப் பிடித்தது 0 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர், ஆகவே ஃபிரிட்ஜில் அதிகம் குளிரும் இடத்தில், உறைந்துவிடாமல் வைத்தால் நல்லது. இப்படி வைத்தால் ராஸ்பெர்ரி இரண்டு மூன்று நாள், ஸ்ட்ராபெர்ரி அதற்கு மேல் ஓரிரு நாள், ப்ளூபெர்ரி ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும் என்று வெளியே வைத்துக் காத்திருப்பதில் பயனே இல்லை. ஸ்ட்ராபெர்ரியும் ராஸ்பெர்ரியும் பறித்த பிறகு இனிப்பு கூடும் பழங்கள் அல்ல, வெளியே வைத்தால் மெத்தென்று ஆகும், அவ்வளவுதான்.

கேள்வி: எல்லா பெர்ரியையும் ஒரே மாதிரி குழாயடியில் காட்டிக் கழுவலாமா? ராஸ்பெர்ரியைக் கழுவினால் பாதி கூழாகிவிடுகிறது. சரியான முறையை விவரமாகச் சொல்லுங்களேன்.

பதில்: ஒரே மாதிரி கழுவக் கூடாது. ஒவ்வொரு பழத்தின் உடல் அமைப்பும் வேறு, அது புரிந்துவிட்டால் எப்படிக் கழுவுவது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் கையை சோப்புப் போட்டு 20 விநாடியாவது கழுவிக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பழத்தைக் கொட்டுவது வேண்டவே வேண்டாம், அங்கே என்னென்ன கிருமி ஒட்டியிருக்கிறதோ அது பழத்துக்கு வரும். சுத்தமான அகலக் கிண்ணமும் ஒரு சல்லடையும் போதும்.

ப்ளூபெர்ரிதான் இருப்பதிலேயே சுலபம், தோல் கெட்டி. சல்லடையில் போட்டுக் குழாயை மிதமாகத் திறந்து, கையால் லேசாகப் புரட்டிக்கொண்டே கழுவலாம். ஒட்டியிருக்கும் சின்னக் காம்பு, சுருங்கிய பழம் எல்லாம் அப்போதே கண்ணில் பட்டுவிடும்.

ஸ்ட்ராபெர்ரியில் முக்கியமான ஒன்று: தலையில் இருக்கும் பச்சை இலையைக் கிள்ளாமல் கழுவுங்கள். கழுவி, துடைத்து, அதற்கப்புறம் கிள்ளுங்கள். முதலிலேயே எடுத்துவிட்டால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ப் பழம் சப்பென்று ஆகிவிடும், வெளியே இருந்த அழுக்கும் அதே வழியில் உள்ளே போகும். இலைகளுக்கு அடியில் மண் நிற்கும், அதனால் விரலால் இலையைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் காட்டுங்கள். பழத்தின் மேல் விதை என்று நாம் சொல்வது ஒவ்வொன்றும் தனித்தனிக் கனி, விதை அதற்குள் இருக்கிறது. அவை பள்ளம் பள்ளமாக உட்கார்ந்திருப்பதால் தூசி அங்கே தங்கும். ஆகவே ஊறவைப்பதைவிட, மெதுவாக ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கழுவுவதுதான் பலன் தரும். கொஞ்சம் நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

ராஸ்பெர்ரிக்கு வருவோம். அதைப் பறிக்கும்போது நடுத்தண்டு செடியிலேயே தங்கிவிடும், அதனால் பழம் தொப்பி போல உள்ளே காலியாக இருக்கும். அந்தத் தொப்பியும் ஒரே துண்டு இல்லை. சின்னச் சின்னக் கனிகள் பல, மெல்லிய முடிகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. உள்ளே தாங்குவதற்கு எதுவும் கிடையாது. குழாய்த் தண்ணீர் வேகமாக விழுந்தால் பிரிந்து கூழாகாமல் என்ன செய்யும்? அதற்குக் குழாயே வேண்டாம். அகலமான கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, சல்லடையில் ராஸ்பெர்ரியை ஒரே அடுக்காகப் பரப்பி, சல்லடையோடு தண்ணீரில் முக்கி, லேசாக அசைத்து, தூக்கிவிடுங்கள். தண்ணீரை மாற்றி இன்னும் ஓரிரு முறை அப்படியே செய்யுங்கள். கழுவும் முன்பே பழத்தைத் திருப்பி உள்குழியைப் பார்த்துவிடுவது அவசியம், பூஞ்சணமும் பூச்சியும் ஒளிந்திருப்பது அங்கேதான். கழுவிய பிறகு துணிமேல் குழி கீழே பார்க்கும்படி வைத்தால் உள்ளே நின்ற தண்ணீர் வடிந்துவிடும்.

ப்ளாக்பெர்ரி பார்க்க ராஸ்பெர்ரி மாதிரிதான், ஆனால் அதன் நடுத்தண்டு பழத்தோடு வந்துவிடுவதால் கொஞ்சம் உறுதி அதிகம். மெல்லிய தாரையில் தைரியமாகக் கழுவலாம். மல்பெரிக்குக் காம்பு நீளமாக இருக்கும், காம்போடு கழுவிவிட்டுப் பிறகு கத்தரியால் வெட்டுங்கள், இல்லாவிட்டால் சாறு முழுதும் விரலில்தான். வெள்ளைத் துணியைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

தண்ணீரின் குளிர்ச்சியையும் கவனியுங்கள். வெளியே இருந்து கதகதப்பாக உள்ள பழத்தை ஐஸ் தண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியே உள்ள தண்ணீரை அழுக்கோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். சாதாரணத் தண்ணீரே போதும்.

கழுவுவது பாதி வேலைதான், ஈரத்தை எடுப்பது மீதிப் பாதி. ஒரு பருத்தித் துணியை இரண்டாக மடித்து விரித்து, பழங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். மேலே இன்னொரு டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம், தேய்க்காதீர்கள். கீரை உலர்த்தும் சுழல் கூடை வைத்திருப்பவர்கள் அதில் டிஷ்யூ விரித்து ப்ளூபெர்ரியைச் சுற்றலாம். ராஸ்பெர்ரியை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ப்ளூபெர்ரியின் மேல் வெள்ளையாகப் பவுடர் மாதிரி இருக்கிறதே, அது பூச்சிமருந்தா? தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன்.

பதில்: மருந்து இல்லை, பழம் தானே உண்டாக்கிக்கொள்ளும் மெழுகு அது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகாமல் காப்பதே அதன் வேலை. அந்த வெண்மை கலையாமல் இருந்தால் பழம் அதிகம் கைபடாமல் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, தேய்க்க வேண்டாம். சேமித்து வைக்கும் பழத்தில் அது கலையாமல் இருப்பதுதான் உங்களுக்கு லாபம், வந்ததும் கழுவாதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

கேள்வி: பெர்ரியில்தான் பூச்சிமருந்து அதிகம் என்கிறார்கள். வெறும் தண்ணீர் போதுமா? பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, இல்லையென்றால் பேக்கிங் சோடா, இல்லையென்றால் பழம் கழுவ என்றே விற்கும் திரவம், எதைப் போடலாம்?

பதில்: சோப்பு கூடவே கூடாது. பழத்தின் மேற்பரப்பு நுண்துளைகள் உள்ளது, சோப்பை உறிஞ்சிக்கொள்ளும், எவ்வளவு அலசினாலும் முழுக்கப் போகாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ, பழம் காய்களைக் கழுவ சோப்பு, டிடர்ஜென்ட் மட்டுமல்ல, கடையில் விற்கும் திரவங்களும் வேண்டாம், ஓடும் தண்ணீரே போதும் என்றுதான் சொல்கிறது.

வெறும் தண்ணீரை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், குழாய்த் தண்ணீரில் அலசியதாலேயே 12 பூச்சிமருந்துகளில் 9-இன் எச்சம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறு ஒன்று. அந்த மருந்து தண்ணீரில் கரையக்கூடியதா இல்லையா என்பது பெரிதாகப் பொருட்படவில்லை, தண்ணீர் ஓடி மோதி அடித்துக்கொண்டு போவதுதான் வேலை செய்தது. தேங்கிய தண்ணீரில் அரை மணி ஊறவைப்பதைவிட ஓடும் தண்ணீரில் அரை நிமிடம் திருப்பித் திருப்பிக் காட்டுவதே மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பேக்கிங் சோடா பேச்சு அதிகம் பரவியது 2017-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுக்குப் பிறகு. சோடா கரைத்த நீர் இரண்டு மருந்துகளை மேற்பரப்பிலிருந்து நன்றாகவே எடுத்தது, உண்மை. ஆனால் அது ஆப்பிளில் செய்தது, அதற்கும் 12 முதல் 15 நிமிடம் தேவைப்பட்டது, தோலுக்குள் இறங்கிவிட்டதை அதாலும் எடுக்க முடியவில்லை. ஆப்பிள் கால் மணி நேரம் ஊறும், ராஸ்பெர்ரி ஊறுமா? தவிர பெர்ரியின் சிவப்பு நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் சோடா போன்ற காரப்பொருள் பட்டால் நீலமாக மாறும், காயம்பட்ட பழத்தில் நிறமும் அழுக்காகிவிடும். கெட்டித் தோல் உள்ள ப்ளூபெர்ரிக்கு வேண்டுமானால் போடுங்கள், பிறகு நன்றாக அலசிவிடுங்கள். மற்றதற்கு வேண்டாம். பயந்துபோய் பெர்ரி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கும் வாசகிக்கு: தயவுசெய்து நிறுத்தாதீர்கள், கழுவிச் சாப்பிடுங்கள்.

கேள்வி: வினிகர் தண்ணீரில் கழுவி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது என்கிறார்களே மேடம்?

பதில்: வாரக்கணக்கு என்பது மிகை, ஆனால் விஷயம் பொய்யில்லை. வினிகரில் இருக்கும் அமிலம் தோல்மேல் இருக்கும் பூஞ்சண வித்துகளில் கணிசமானதைச் செயலிழக்கச் செய்யும். ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீர், ஓரிரு நிமிடம், அப்புறம் நல்ல தண்ணீரில் அலசல். கூடுதலாகச் சில நாள் கிடைக்கும். நான் முன்னால் சொன்ன “வாங்கியதும் கழுவாதீர்கள்” என்பதற்கு இது ஒரு விதிவிலக்கு, ஒரு நிபந்தனையோடு: துளி ஈரம் இல்லாமல் காயவைக்க முடிந்தால் மட்டும். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் வினிகர் போட்டும் பயனில்லை. ராஸ்பெர்ரிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், குழிக்குள் புளிப்பு தங்கிவிடும், முழுசாகக் காய்வதும் கஷ்டம்.

சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஸ்ட்ராபெர்ரியை 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 விநாடி முக்கி எடுத்து, உடனே துணியில் பரப்பி ஆறவிட்டுக் காயவைப்பது. பழம் வேகாது, பூஞ்சணம் தள்ளிப்போகும். கையால் தொட்டுப் பார்த்துக் குத்துமதிப்பாகச் செய்தால் சரிப்படாது, வெப்பமானி இல்லாதவர்கள் விட்டுவிடுங்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீரில் ஸ்ட்ராபெர்ரியைப் போட்டதும் வெள்ளைப் புழுக்கள் வெளியே வரும் வீடியோ பார்த்ததிலிருந்து என் பிள்ளைகள் பழத்தைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். நிஜமா அக்கா?

பதில்: நிஜம்தான். 2020-ல் அந்த வீடியோக்கள் ஒரே அலையாகப் பரவின. புழு, ட்ரோசோஃபிலா சுசுகி என்ற சின்ன ஈயுடையது. கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது, 2008-ல் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தென்பட்டு அங்கிருந்து பரவியது. சாதாரணப் பழ ஈ அழுகிய பழத்தைத் தேடும். இதன் பெண் ஈக்கு முட்டையிடும் உறுப்பு ரம்பம் போலப் பற்களோடு இருக்கும், அதனால் நல்ல பழத்தின் தோலையே கிழித்து முட்டையிட்டுவிடும். விவசாயிகள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஓரிரண்டு தப்பி வருவது உண்டு.

பிள்ளைகளுக்கு நேராகவே சொல்லுங்கள்: தெரியாமல் சாப்பிட்டுவிட்டாலும் அந்தப் புழுவால் எந்த நோயும் வராது. தோட்டத்தில் எவ்வளவு தாக்குதல் இருக்கிறது என்று பார்க்க விவசாயத் துறையினர் உப்புத் தண்ணீரில் பழத்தைப் போட்டுச் சோதிப்பது வழக்கம், வீடியோவில் வந்தது அந்த முறைதான். வீட்டில் தினமும் செய்ய வேண்டியதில்லை, பழம் கரித்துப் போகும், தளர்ந்தும் போகும், எல்லாப் புழுவும் வெளியே வந்துவிடும் என்ற உறுதியும் கிடையாது. வாங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், குளிரில் முட்டையும் குட்டிப் புழுவும் வளராது. ஓரிடம் மட்டும் குழைந்து உள்வாங்கியிருக்கும் பழத்தைத் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: கண்ணு, டப்பாவில் ஒரே ஒரு பழத்தில் பூஞ்சணம் இருந்தால் மொத்தத்தையும் கொட்ட வேண்டுமா? மனசு கேட்கவில்லை.

பதில்: கொட்ட வேண்டாம் அம்மா. பூஞ்சணம் பிடித்ததையும் அதை ஒட்டி உட்கார்ந்திருந்த பழங்களையும் எடுத்துப் போடுங்கள். மீதியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, நன்றாக இருப்பதைக் கழுவி அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். பூஞ்சணம் பட்ட இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுவது மட்டும் கூடாது. கெட்டியான காய்களுக்கு அது சரி, இவ்வளவு நீர் நிறைந்த மென்மையான பழத்தில் கண்ணுக்குத் தெரியாமலே உள்ளே பரவியிருக்கும்.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைத்த ப்ளாக்பெர்ரியில் சில மணிகள் கறுப்பிலிருந்து சிவப்பாக மாறிவிட்டன. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. பறிக்கும்போதும் கொண்டுவரும்போதும் அடிபட்டு, பிறகு குளிரில் இருந்த ப்ளாக்பெர்ரியில் அப்படி நிறம் திரும்புவது உண்டு. தாராளமாகச் சாப்பிடலாம்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. உறைந்த பெர்ரியை வாங்கி அப்படியே பாலில் அடித்துக் கொடுக்கிறேன். உறைந்ததில் கிருமி செத்திருக்கும்தானே? அதையும் கழுவ வேண்டுமா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி, ஏனென்றால் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உறைய வைப்பது கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும், வயிற்றைக் கெடுக்கும் நோரோவைரஸும் உறைநிலையில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். 2012-ல் ஜெர்மனியில் உறைந்த ஸ்ட்ராபெர்ரியிலிருந்து நோரோவைரஸ் பரவி சுமார் 11,000 பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். உறைந்த பெர்ரியால் ஹெபடைடிஸ் ஏ பரவியதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது. பெர்ரியைக் கையால்தான் பறிக்கிறார்கள், அதன் மேடுபள்ளங்களில் வைரஸ் ஒட்டிக்கொண்டால் கழுவியும் முழுக்கப் போகாது.

அடிக்கடி நடப்பது இல்லை, அதனால் பதற வேண்டாம். ஆனாலும் சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் உறைந்த பெர்ரியை ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு பாலில் அடித்துக் கொடுங்கள். நிறமும் சுவையும் அப்படியேதான் இருக்கும், கொஞ்சம் கெட்டியாகும், பிள்ளைகளுக்கு அது பிடிக்கவும் செய்யும். மகனுக்கு இனி இப்படியே கொடுங்கள்.

வீட்டிலேயே உறைய வைப்பதாக இருந்தால், ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரியைக் கழுவி முழுக்கக் காயவைத்து, தட்டில் ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் கெட்டியானதும் டப்பாவில் கொட்டிக்கொள்ளுங்கள், ஒரே கட்டியாகாது. ப்ளூபெர்ரியை மட்டும் கழுவாமல் உறைய வைத்து, எடுக்கும்போது கழுவுங்கள், முன்பே கழுவினால் தோல் தடித்துப்போகும். எந்தப் பெர்ரியும் உறைந்து உருகினால் தளர்ந்துதான் போகும், உள்ளே பனிக்கட்டி அதன் சுவர்களைக் கிழித்துவிடுகிறது. பாலில் அடிக்க, வேகவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விருந்தாளிகள் வருவார்கள் என்று எல்லாவற்றையும் கழுவிவிட்டேன், அவர்கள் வரவில்லை. ஒரு கிண்ணம் நிறைய ஈரப் பெர்ரி இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உடனே துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றிவிட்டு, முழுசாக இருப்பதை டிஷ்யூ விரித்த டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். வெட்டிய பழம் என்றால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தளர்ந்துபோனதைச் சர்க்கரை தூவி அரை மணி வையுங்கள், சர்க்கரை சாற்றை இழுத்துக்கொண்டு வரும், அப்படியே அடுப்பில் ஏற்றித் தண்ணீர் சேர்க்காமல் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் நல்ல இனிப்புப் பழக்கூழாகிவிடும். அலுமினியம், இரும்புப் பாத்திரம் வேண்டாம், நிறம் கறுத்துவிடும், எவர்சில்வரில் செய்யுங்கள். ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் வரும்.